பியானோ வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்னையில் 22 வருடங்களாகப் பியானோ சொல்லிக்கொடுத்து வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதிலிருந்து ஒன்பது வயதுக்குள் இருக்கும் குழந்தைகள். ஒவ்வொரு ஜூன் மாதமும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் வருகிறீர்கள். முதலில் ஃபீஸ் கேட்கிறீர்கள். அடுத்த கேள்வி, "மிஸ், கிரேடு எப்போ எழுதலாம்?" ஃபீஸைச் சொல்லிவிடுகிறேன். கிரேடு பற்றிய பதிலை வாசலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்ல முடிவதில்லை. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான்: முதல் இரண்டு வருடம் பிள்ளையைக் கிரேடு எனப்படும் படிநிலைத் தேர்வுக்கு அனுப்பாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு எட்டு வயதுப் பையன் வந்தான். வேலை மாற்றலாகி இங்கே வந்த குடும்பம். மூன்றாம் கிரேடில் டிஸ்டிங்ஷன் வாங்கியிருந்தான். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவன் அம்மா கொண்டுவந்திருந்தார். தேர்வுக்கு வாசித்த மூன்று பாடல்களையும் எனக்கு வாசித்துக் காட்டினான். நன்றாகவே வாசித்தான். பிறகு நான் ஆரம்பப் புத்தகம் ஒன்றைத் திறந்து, நான்கே பார், அதாவது நான்கே தாளக் கட்டங்கள், உள்ள ஒரு சின்ன வரியை அவன் முன்னால் வைத்தேன். வலது கை மட்டும்தான். அவன் தாளைப் பார்த்தான், கட்டைகளைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். "மிஸ், நீங்க ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்றான். காட்டினேன். ஒரே முறையில் பிடித்துக்கொண்டான். அவ்வளவு கூர்மையான காது. ஆனால் அவனுக்கு நோட்டு, அதாவது தாளில் எழுதிய இசைக்குறி, படிக்கத் தெரியாது. வருடத்துக்கு மூன்று பாடல் என்று, ஆசிரியரின் விரலைப் பார்த்துப் பார்த்தே மூன்று கிரேடு ஏறியிருக்கிறான்.

தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், வாத்தியத்தையும் வாசிக்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். அந்தப் பிள்ளைக்கு யாரோ இரண்டையும் பிரித்துவிட்டார்கள். முதல் புத்தகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று சொன்னபோது அவன் அழுதான். அது அவன் தப்பில்லை என்று அவனுக்குப் புரியவைக்க எனக்குப் பல வாரங்கள் ஆயின.

இது எப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகள் பலர் எழுதும், டிரினிட்டி காலேஜ் லண்டன் என்ற வாரியம் நடத்தும் டிரினிட்டி தேர்வையே எடுத்துக்கொள்வோம். நேரில் நடக்கும் பியானோ தேர்வுக்கு மொத்தம் 100 மதிப்பெண். மூன்று பாடல்களுக்குத் தலா 22 வீதம் 66 போய்விடுகிறது. பாஸ் ஆக 60 போதும். ஸ்கேல் (ஸ்வரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பது) முதலான பயிற்சிகளுக்கு 14. மிச்சம் 20 மதிப்பெண் இரண்டு சிறு சோதனைகளுக்கு. ஐந்தாம் கிரேடு வரை அந்த இரண்டும் நம் விருப்பம்: பார்த்தவுடன் வாசிக்கும் சைட் ரீடிங், கேட்டுப் பதில் சொல்லும் ஆரல், இசையறிவுக் கேள்விகள், சொந்தமாகக் கற்பனை செய்து வாசிப்பது என்று நான்கு உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கடினமாகத் தோன்றுவது சைட் ரீடிங். அதனால் அதைத் தள்ளிவிடுகிறோம். புதிதாக ஒரு வரியைக்கூடத் தானே படித்து வாசிக்காமல் ஒரு பிள்ளை ஐந்தாம் கிரேடு வரை போய்விட முடியும். ஆறாம் கிரேடில் அது கட்டாயம். என்னிடம் அந்த இடத்தில் வந்து நின்ற பதினான்கு வயதுப் பிள்ளைகளை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. அதில் சிலர் பியானோவை மூடிவிட்டுப் போயே விட்டார்கள்.

தேர்வு வாரியத்தின் மேல் எனக்குக் குறையில்லை. பிள்ளையின் பலத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கட்டும் என்று கொடுத்த வசதியை, சுலபமான வழியாக மாற்றிக்கொண்டவர்கள் நாம்தான். சீக்கிரம் கிரேடு வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்கள், மாணவர் போய்விடுவாரோ என்று ஆசிரியர்கள் பயப்படுகிறோம்.

பாட்டு வகுப்பில் நீங்கள் இப்படிக் கேட்பதில்லையே என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று பிள்ளை மாதக்கணக்கில் பாடிக்கொண்டிருக்கும்போது பொறுமையாக இருக்கிறீர்கள். ஆறு மாதத்தில் வர்ணம் பாட வேண்டும் என்று எந்த அம்மாவும் பாட்டு டீச்சரிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பொறுமை நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதில் கொஞ்சத்தைப் பியானோவுக்கும் கொடுங்கள்.

ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் தன் மகன் பேட்டருக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது பையனுக்கு ஒன்பது வயது. முதலில் பாடத்தான் சொன்னாராம். வாசிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். உலகமே அறிந்த இசையமைப்பாளருக்குத் தன் பிள்ளை விஷயத்தில் அவசரம் இருக்கவில்லை. நானும் முதலில் பாடவே வைக்கிறேன். "என்ன மிஸ், பியானோ கிளாஸ்ல பாட்டு பாடிட்டிருக்காங்க?" என்று கேட்ட அப்பாவுக்கு இதுதான் பதில். வாயில் வராத ராகம் விரலில் வராது.

முதல் வாரத்தில் 88 கட்டைகளையும் பார்த்து மிரளும் குழந்தைக்குக் கறுப்புக் கட்டைகளைத்தான் காட்டுகிறேன். அவை இரண்டிரண்டாகவும் மூன்று மூன்றாகவும் நிற்கின்றன. இரட்டைக் கறுப்புக்கு இடது பக்கத்தில் ஒட்டிய வெள்ளைதான் சி என்ற ஸ்வரம். இதைக் கண்டுபிடித்த குழந்தை கட்டை முழுக்க ஓடி ஓடி எல்லா சி-யையும் தொட்டுப் பார்க்கும். அந்த ஓட்டத்தைக் கெடுப்பது எது தெரியுமா? வீட்டில் நீங்கள் அன்போடு ஒட்டிவைக்கும் ஸ்டிக்கர். கட்டை மேல் எழுத்து இருந்தால் கண் அங்கேயே போகும், தாளுக்கு வராது. தயவுசெய்து இன்றைக்கே உரித்துவிடுங்கள்.

கையின் வடிவத்துக்கும் கறுப்புக் கட்டைதான் உதவுகிறது. போலந்து இசையமைப்பாளர் ஷோப்பான் தன் மாணவர்களுக்கு முதலில் கொடுத்த ஸ்கேல், எல்லோரும் தொடங்கும், வெள்ளைக் கட்டைகள் மட்டுமே வரும் சி மேஜர் இல்லை, ஐந்து கறுப்பும் வரும் பி மேஜர். நீளமான நடுவிரல்கள் உயரத்தில் இருக்கும் கறுப்பில் தாமாகவே அமரும், பெருவிரல் தாழ்ந்த வெள்ளையில் கிடக்கும். கை இயல்பாக வளைந்துகொள்ளும். படிக்கச் சுலபம் சி மேஜர், கைக்குச் சுலபம் பி மேஜர். சின்னப் பிள்ளைகளிடம் இதைத் தாளே இல்லாமல் விளையாட்டாகச் செய்ய வைக்கிறேன்.

பாட்டு வகுப்புக்கும் போகிற பிள்ளையாக இருந்தால் எனக்குக் கொண்டாட்டம். சி-யை ஸ என்று வைத்துக்கொண்டு மாயாமாளவகௌளையைத் தேடு என்பேன். இரண்டே கறுப்பு, ரிக்கு ஒன்று, தாவுக்கு ஒன்று. அதைக் கண்டுபிடிக்கும் நிமிடத்தில் அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். தான் பாடிக்கொண்டிருந்தது இங்கேயும் இருக்கிறதே என்ற திகைப்பு. இதற்கு எந்தத் தேர்வும் மதிப்பெண் கொடுப்பதில்லை.

வாத்தியம் வாங்குவது பற்றியும் சொல்லியாக வேண்டும். 61 கட்டையுள்ள சாதாரண கீபோர்டை வாங்கிவிட்டு, பியானோ பழகட்டும் என்கிறீர்கள். செலவு எனக்குப் புரிகிறது. முதல் சில மாதங்களுக்கு அது போதும். ஆனால் பியானோ என்ற பெயரே மெல்லவும் உரக்கவும் வாசிக்க முடிவதால் வந்தது. 1700 வாக்கில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி என்ற வாத்தியக் கைவினைஞர் அதைச் செய்தபோது, முந்தைய கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்தார்: விரல் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு வேகமாகச் சுத்தியல் கம்பியைத் தட்டும், தட்டியதும் விலகிவிடும். ஒரு கட்டையை அழுத்தச் சுமார் 50 கிராம் எடை வேண்டும். ஆறு வயது விரலுக்கு அது பெரிய எடை. எடையே இல்லாத கட்டையில் ஒரு வருடம் பழகிய விரல் பியானோவில் வந்து சத்தமே எழுப்ப முடியாமல் தவிக்கிறது. முடிந்தபோது, எடையுள்ள கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோ வாங்குங்கள். மரப் பியானோதான் வேண்டும் என்றால், நம் ஊர் ஈரக்காற்றில் மரப்பலகை உப்பிச் சுருங்கும், வருடம் இரண்டு முறையாவது சுருதி சேர்க்கும் ட்யூனரை அழைக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் தினமும் பத்து நிமிடம் போதும். சனிக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார வைத்து அழவைக்க வேண்டாம். முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வரும்படி நாற்காலியில் ஏதாவது மடித்துப் போடுங்கள். கால் அந்தரத்தில் தொங்கக் கூடாது. உங்கள் வீட்டில் பழைய மணைப்பலகை இருந்தால் இரண்டை அடுக்கிக் காலுக்குக் கீழே வையுங்கள், அதைவிட நல்ல சாதனம் கடையில் கிடைக்காது. நகத்தை வெட்டிவிடுங்கள். வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். கேமரா முன்னால் பிள்ளை தெரிந்ததை மட்டுமே வாசிக்கும். பயிற்சி என்பது தெரியாததை வாசிப்பது.

அப்படியானால் எதை வைத்து முன்னேற்றத்தைத் தெரிந்துகொள்வது? நியாயமான கேள்வி. மாதம் ஒருமுறை என்னிடமோ உங்கள் ஆசிரியரிடமோ கேளுங்கள்: "இதுவரை பார்க்காத நாலு பார் ஒண்ணு வாசிக்கச் சொல்லுங்க." மெதுவாக, தடுமாறி, தானே வாசித்துவிட்டால் பிள்ளை நன்றாகப் போகிறது. எந்த ஆசிரியரும் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் கொஞ்சம் யோசியுங்கள்.

என் பாட்டி பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் வரி, பாடியவர். டானிக் சோல்ஃபாவில், அதாவது டோ ரே மீ எழுத்துகளில் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு, முன்பின் கேட்டிராத பாடலை நேராகப் பாடுவார். பக்கத்தில் மூன்று குரல்கள் வேறு வேறு ராகத்தில் போனாலும் தன் வரியை விடமாட்டார். அவர் கையில் சான்றிதழ் என்று ஒன்றும் இருந்ததில்லை. எழுபது வயதிலும் புதுப் பாட்டு என்றால் கண்ணாடியைத் தேடுவார். உங்கள் பிள்ளை எழுபது வயதில் ஒரு புதுத் தாளைப் பார்த்து அப்படி ஆசைப்பட வேண்டும் என்பதுதான் என் கனவு.

தேர்வே கூடாது என்று சொல்லவில்லை. மூன்றாவது வருடத்தில் பலரை நானே அனுப்புகிறேன். சைட் ரீடிங்கைத் தேர்ந்தெடுத்துத்தான் அனுப்புகிறேன். அதற்குள் அவர்கள் சின்னதும் பெரியதுமாக நூறு பாடலாவது படித்து வாசித்திருப்பார்கள், தேர்வின் மூன்று பாடல்கள் அதில் ஒரு பகுதியாக இருக்கும்.

அந்த எட்டு வயதுப் பையன் இப்போது பெரியவனாகிவிட்டான். போன மாதம் என் அலமாரியிலிருந்து கேட்காமலே ஒரு புத்தகத்தை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தான். நான்கு இடத்தில் தப்பு வந்தது. நிறுத்தவில்லை.

இந்த ஜூனில் வகுப்பு தொடங்கும்போது, பிள்ளையை விட்டுவிட்டு வண்டியில் போய் உட்காராதீர்கள். பியானோவுக்கு இடது பக்கம், சுவரோரமாக, உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். முதல் மாதம் முழுக்க உள்ளே வந்து உட்காருங்கள். பிள்ளை பாடும்போது நீங்களும் கூடப் பாடலாம்.

அன்புடன்,
ஒரு பியானோ ஆசிரியை