கட்டுத்துணி தீராத சுகாதார நிலையம் வேண்டும்: கொங்கு மாவட்டங்களின் சுகாதார அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு, வணக்கம்.

கரும்புச்சாற்றைக் காய்ச்சும் ஆலைக்கொட்டாய்களைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை எப்படி உருவாகிறது என்பதை இந்தப் பக்கம் பணிபுரிந்த எவரும் நின்று பார்த்திருப்பீர்கள். கொப்பரையில் பாகு பதத்துக்கு வரும்போது அதன் சூடு 110 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். கொதிநீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு தோலில் ஒட்டிக்கொண்டு உள்ளே வேகவைத்துக்கொண்டே இருக்கும். சாயப்பட்டறை நீராவியையும் பனியன் கம்பெனிகளின் அயர்ன் மேசைகளையும் சேர்த்துப் பார்த்தால், தீப்புண் இந்தப் பகுதியின் தொழிலோடு பிறந்த துன்பம் என்பது விளங்கும். அந்தப் புண்ணுக்கான களிம்பும், சதையில் ஒட்டாத பாரஃபின் வலைத்துணியும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒருநாளும் தீர்ந்துபோகக் கூடாது என்பதே இம்மடலின் கோரிக்கை.

எங்கள் பெரியப்பா ஆலைக்கொட்டாயில் பாகு கிண்டுகிறவர். சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக உண்டு. பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோயிருந்தது. சென்ற கரும்புப் பருவத்தில் பாகு தெறித்துப் புறங்காலிலும் குதிகால் ஓரத்திலும் விழுந்தபோது, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு அவர் வேலையைத் தொடர்ந்தார். ஓடும் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும் என்று அவருக்குச் சொன்னவர் யாருமில்லை. மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். எந்த ஊர் நிலையம் என்று எழுதி அங்குள்ள செவிலியரைச் சிக்கலில் மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை. இருந்ததை வைத்து அவர் செய்தார். இருந்தது போவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினியும் உலர்ந்த காஸ் துணியும்தான்.

அந்த உலர்ந்த துணியைப் பற்றித்தான் நீங்கள் நிதானமாகக் கேட்க வேண்டும். புண்ணில் ஊறும் நீர் துணியின் இழைகளுக்குள் புகுந்து காய்ந்து, துணியும் சதையும் ஒன்றாகிவிடுகின்றன. கட்டைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும், முந்தைய நாள்களில் அரும்பி வந்த இளஞ்சதை துணியோடு பிய்ந்து வந்தது. ஆறத் தொடங்கிய இடத்தில் மறுபடி ரத்தம் கசிந்தது. குதிகாலில் மரத்துப்போயிருந்தவருக்குப் புறங்காலில் உணர்ச்சி மிச்சமிருந்தது. ஆலை நெருப்புக்கு முன்னால் வாழ்நாளைக் கழித்த மனிதர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் மெல்லப் பண்ணுங்க அம்மிணி" என்று கேட்பார். உப்புநீர் விட்டு ஊறவைத்துப் பிரிக்கச் செவிலியருக்குத் தெரியாமலில்லை. வெளியே நின்ற வரிசை அவருக்கு நேரம் தரவில்லை. ஈரம் காத்து மூடிய காயத்தில், காற்றில் காயவிட்டதைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் மேல்தோல் வளர்கிறது என்று பன்றிகளிடம் ஆய்ந்து ஜார்ஜ் விண்டர் காட்டியது 1962இல். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் ஊர்க் கால்களில் துணியைக் காயவைத்துப் பிய்த்துக்கொண்டிருக்கிறோம். இதற்காக நான் கோபப்படுவதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நிலையத்தில் இல்லாதபோது மக்கள் வேறு எங்கே போவார்கள்? மருந்துக்கடையில் பெயர் சொல்லாமல் 'புண்ணுக்கு ஒரு களிம்பு' என்று கேட்டால் கையில் வருவது பல வேளைகளில் ஸ்டீராய்டு கலந்த குழாய். அது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். வீட்டில் பற்பசை, பேனா மை, மஞ்சள். அறியாமை என்று இதைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. சரியான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இல்லாதபோது கைக்குக் கிடைத்ததைத்தான் மனிதர்கள் பூசுவார்கள். அதே வளாகத்தின் சித்த மருத்துவப் பிரிவில் ஊமத்தை இலைச்சாறும் துருசும் (மயில்துத்தம்) சேர்ந்த மத்தன் தைலம், எங்கள் ஊரார் பச்சை எண்ணெய் என்பது, நாள்பட்ட புண்களுக்கு வழங்கப்படுகிறது. ஆனால் எந்தப் புண்ணை எந்த அறைக்கு அனுப்புவது என்று இரு மருத்துவர்களும் சேர்ந்து முடிவெடுத்து நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் களிம்பு தீர்த்துவிடும் என்று நான் எண்ணவில்லை. சில்வர் சல்ஃபாடயசின் என்னும் வெள்ளைக் களிம்பும் எல்லாத் தீப்புண்ணுக்கும் ஏற்றதன்று. சல்ஃபா ஒவ்வாதவர்களுக்கும் பிறந்த சிசுக்களுக்கும் அது ஆகாது, மேலோட்டமான புண்ணுக்குப் பாரஃபின் வலைத்துணியே போதும். பெரியப்பாவின் புறங்கால் ஒருவழியாக ஆறியது, குதிகால் ஆறவில்லை. அந்தப் புண்ணின் மேலேயே நாள் முழுதும் நின்று பாகு கிண்டியதால் எந்த மருந்தும் பிடிக்கவில்லை என்பதைக் கடைசியில் பெரிய மருத்துவமனையில்தான் சொன்னார்கள். பாதத்தின் மேல் விழும் பளுவைக் குறைக்க வேண்டும், ரத்த ஓட்டத்தையும் உணர்ச்சியையும் சோதிக்க வேண்டும், எம்.சி.ஆர். என்னும் மென்ரப்பர் செருப்பு போட வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமென்ட் என்னும் சிறிய நைலான் இழையைக் கொண்டு பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். அதை முதல் நாளே செய்திருந்தால் அவர் இரண்டு கால்விரல்களை இழந்திருக்க மாட்டார் என்று நான் நம்புகிறேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் எங்கள் வாசலுக்கே வருகின்றன. அவற்றைக் கொண்டுவரும் தங்கைகள் வெயிலில் நடந்து வருவதைப் பார்த்து நன்றியோடு இருக்கிறோம். அதே பையில் ஒட்டாத வலைத்துணியும் சுத்தமான கட்டுத்துணியும் இருந்தால், கட்டு மாற்றுவதற்காக ஒரு கூலியாள் அரைநாள் சம்பளத்தை விட வேண்டியிருக்காது.

ஆகவே மீண்டும் கேட்கிறேன். களிம்பும் வலைத்துணியும் ஆலைக்கொட்டாய், சாயப்பட்டறை, விசைத்தறி உள்ள வட்டாரங்களின் நிலையங்களில் தீராமல் இருக்கட்டும். வீட்டில் கட்டிக்கொள்ளத் தேவையான அளவு கையில் கொடுத்தனுப்புங்கள். சர்க்கரை நோயாளி காலில் புண்ணோடு வந்தால் அன்றே பாதத்தைச் சோதிக்கச் செவிலியருக்குப் பயிற்சியும் நேரமும் கொடுங்கள். பொங்கல் வெல்லத்துக்காக மார்கழியில் கொப்பரைகள் இரவு பகலாகக் கொதிக்கும். அதற்கு முன் இதற்கான ஆணையைப் பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈரோடு மாவட்டத்துக் கரும்பு விவசாயி ஒருவர்