கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்னாப்பிரிக்காவின் சிறு கணினிப் பழுதுபார்ப்புக் கடைகளின் வரலாற்றை எழுதுவோர் மின்தேக்கியை (கெப்பாசிட்டர்: மின்னூட்டத்தைச் சேமிக்கும் சிறு பாகம்) மறக்கக் கூடாது. 2000களின் முற்பகுதியில் வந்த பல மதர்போர்டுகளில் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை), மின்தேக்கிக்குள் இருக்கும் மின்பகுதிரவம் தரமற்றதாக இருந்ததால் உள்ளே வாயு சேர்ந்து அவற்றின் தலைகள் உப்பின. கணினி தானாக அணைந்து எழுந்தது. போர்டையே மாற்ற வேண்டியதில்லை. 105 டிகிரி வெப்பம் தாங்கும், உள்தடை குறைந்த மின்தேக்கியை அதே மைக்ரோஃபாரட் (மின்தேக்கு) அளவில், வோல்ட் அளவு குறையாமல், நேர்-எதிர் முனை மாறாமல் பற்றவைத்தால் போதும். சாதாரண மின்தேக்கியைப் போட்டால் சீக்கிரமே மறுபடி உப்பும். இந்தப் பொறுமையான கைவேலைதான் சிறு கடைகளின் பெருமை.

2008 ஜனவரியில் லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) நாடெங்கும் கடுமையானபின், கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளைகளுக்குச் சோதனைக் காலம். மின்சாரம் திரும்பும் கணத்தில் வரும் மின்னழுத்த எழுச்சியே ஆபத்து. மின்வெட்டின்போது பிளக்கைப் பிடுங்கி, மின்சாரம் வந்து சில நிமிடம் கழித்து மாட்டுங்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி வாசகர்களுக்கு ஒன்று. தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008), பிரிவு 67: கழற்றிய பாகங்களைக் கடை திருப்பித் தர வேண்டும். பிரிவு 57: பொருத்திய பாகத்துக்கும் கூலிக்கும் 3 மாத உத்தரவாதம். ஹார்ட் டிஸ்க் மாற்றினால் பழையதைக் கட்டாயம் வாங்கிவிடுங்கள். உங்கள் கோப்புகள் அதில்தான் இருக்கும்.

வாசகர்,
டர்பன்