அப்பாவை டோலோலிங் அடிவாரம் வரை கூட்டிப்போனவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

என் அப்பா 1999 கார்கில் போரின்போது லடாக் பகுதியிலுள்ள டிராஸில் போஃபர்ஸ் பீரங்கிக் குழுவில் இருந்த பட்டாளத்துக்காரர். 25 வருடம் கழித்து, 2024 ஜூலையில், அதே மண்ணில் போய் நின்றார். முழங்கால் தேய்ந்தவரை அவ்வளவு உயரத்துக்கு அழைத்துப்போக எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தைரியம் கொடுத்தவர்கள் நீங்கள்.

டிராஸுக்கு மேலே நிற்கும் டோலோலிங் மலைக்காக ஏன் அத்தனை உயிர் போனது என்பது அங்கே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் நெடுஞ்சாலை அந்த மலையின் காலடியில் ஓடுகிறது. உச்சியைப் பிடித்திருந்த பாகிஸ்தான் படையினர் லாரி வருவதைப் பார்த்துத் தங்கள் பீரங்கிக்காரர்களுக்குச் சொல்வார்கள், குண்டு வந்து விழும். ராணுவ லாரி வரிசைகள் இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் போயின. ஏறுகிறவன் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மூன்று வாரம் இழப்புக்குமேல் இழப்பு. ஜூன் 13 அன்று நம் ராணுவத்தின் 2 ராஜ்புதானா ரைபிள்ஸ் படைப்பிரிவு உச்சியைப் பிடித்தது.

நம் ஆட்கள் எதிரியை நெருங்கியதும் பீரங்கியை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் குண்டு நம் ஆட்கள் மேலேயே விழும். "நாங்க நிறுத்தினதுக்கு அப்புறம் அவங்க தனியாத்தான் ஏறினாங்க" என்று அப்பா அங்கே வைத்துச் சொன்னார். வீட்டில் ஒருநாளும் இதைப் பேசியதில்லை.

பயணத்துக்கு எல்லா ஏற்பாடும் செய்த அப்பாவின் யூனிட் நண்பர்களே, மருந்துகளை வேளை வாரியாகப் பிரித்துக் கொடுத்த பக்கத்து வீட்டு டாக்டரம்மா, சோஜி லா கணவாயில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியபோது வண்டியை ஓரம்கட்டிப் பொறுமையாகக் காத்திருந்த ஓட்டுநர் தம்பி, உங்களுக்கு என் நன்றி. டிராஸில் உள்ள கார்கில் போர் நினைவிடத்தில் பணியில் இருந்த அந்த இளம் ஜவானுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெயர்ச் சுவரில் டோலோலிங்கில் விழுந்தவர்களை ஒவ்வொருவராகக் காட்டி, அப்பா தொட்டுக் கும்பிடும்வரை கூடவே நின்றார். அதே போரில் பட்டாலிக் பகுதியில் மே 29 அன்று உயிர்நீத்த திருச்சி மேஜர் சரவணனின் பெயரையும் அவர்தான் தேடிக் கொடுத்தார்.

அப்புறம், எங்களைத் தங்கவைத்த டிராஸ் குடும்பத்துப் பெரியவர். அந்தக் கோடையில் ராணுவத்துக்காக அரிசியும் தோட்டாவும் முதுகில் சுமந்து மலையேறிய உள்ளூர்க்காரர்களில் அவரும் ஒருவர். அது அப்பாவுக்குத் தெரிந்ததும் இருவரும் அரைகுறை இந்தியில் விடியும்வரை பேசினார்கள். ஐயா, நீங்கள் கொடுத்தனுப்பிய உலர்ந்த ஆப்ரிகாட் தீர்ந்துவிட்டது. பனி விழ ஆரம்பித்துவிட்டதா என்று அப்பா தினமும் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் போன் செய்வார்.