பாலை நிறுத்தாதே, பிள்ளை

வெள்ளவத்தை

என் செல்ல மகளுக்கு,

பேரனுக்கு முகம் மஞ்சளாகிவிட்டது என்று நீ அழுதுகொண்டே இருப்பதாக மருமகன் சொன்னார். நாலாம் நாளில் மஞ்சள் தெரிவது பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு உள்ளதுதான். வயிற்றுக்குள் இருந்தபோது கூடுதலாக இருந்த சிவப்பணுக்கள் இப்போது உடைகின்றன. அதில் வரும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளை வெளியே தள்ள ஈரலுக்கு இன்னும் சில நாள் பிடிக்கும்.

"தாய்ப்பாலால்தான் செங்கமாரி, இரண்டு நாளைக்குப் பால்மா கொடு" என்று மாமி சொன்னது அன்பில்தான். ஆனாலும் நீயாகப் பாலை நிறுத்தாதே. முதல் வாரத்தில் பெரும்பாலும் பால் போதாமல்தான் மஞ்சள் கூடும். பிலிருபின் மலத்தோடு போக வேண்டியது. பிள்ளை சரியாகக் குடிக்காவிட்டால் அது குடலில் தங்கித் திரும்பவும் இரத்தத்தில் ஏறும். குளுக்கோஸ் தண்ணீர், கொதித்தாறிய நீர் எதுவும் வேண்டாம், வயிறு நிரம்பிப் பால் குடிப்பதுதான் குறையும்.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 தரம் கொடு. மஞ்சள் ஏறிய பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கும், அழுது கேட்கட்டும் என்று இருக்காதே. உடுப்பைக் கழற்றி, உள்ளங்காலைத் தடவி எழுப்பு. காம்போடு கறுப்பு வட்டமும் வாய்க்குள் போக வேண்டும், விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். நீ பால் கொடுக்கும்போது மிட்வைஃபைப் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல். ஐந்தாம் நாளளவில் நெப்பியில் கரும்பச்சை மலம் போய்க் கடுகு மஞ்சள் வந்திருந்தால், ஆறு தரமாவது நனைந்திருந்தால், பால் போதும்.

நம் நிறத்துப் பிள்ளைகளில் தோலை மட்டும் பார்த்தால் தெரியாது. கண் வெள்ளையையும் வாய்க்குள் முரசையும் பகல் வெளிச்சத்தில் பார். பிலிருபின் அளவைத் தோலில் வைத்துப் பார்க்கும் மீட்டரோ இரத்தப் பரிசோதனையோதான் சொல்லும், நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே எடு. மிதமிஞ்சி ஏறினால் மூளையையும் காதையும் கெடுத்துவிடும். வார்டில் இத்தனை வருடம் நின்றவள் சொல்கிறேன், இதில் மட்டும் அசட்டை கூடாது. இங்கே இன்னும் காலை வெயிலில் பிடிக்கிறார்கள், அது வைத்தியம் ஆகாது. பிலிருபினைக் குறைக்க டொக்டர் நீல விளக்கில் வைக்கச் சொன்னால் சரி என்று சொல். கண்ணைக் கட்டியிருப்பதைப் பார்த்துப் பதறாதே, பால் கொடுக்க இடையில் எடுக்கலாம்.

பிள்ளை துவண்டு போனால், குடிக்க மறுத்தால், கீச்சென்று அழுதால் இரவென்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகள் சிலருக்கு மஞ்சள் வாரக்கணக்கில் நிற்கும்தான். ஆனாலும் 14 நாள் தாண்டினால் காட்டியே ஆக வேண்டும். மலம் வெளிறி, சலம் மஞ்சளாகப் போனால் அதற்கும் காத்திராதே. பித்தக்குழாய் அடைப்பாக இருந்தால் சத்திரசிகிச்சையை முந்திச் செய்வதுதான் பிள்ளைக்கு நல்லது.

உன் இரத்தம் ஓ, மருமகனுடையது பி. பிள்ளைக்கும் பி வந்திருந்தால் அந்தப் பொருத்தமின்மையாலும் மஞ்சள் கூடலாம், இதை டொக்டரிடம் மறக்காமல் சொல். பழைய பருத்திச் சேலைத் துணி அனுப்புகிறேன். அலுமாரியில் நாப்தலீன் உருண்டையோடு கிடந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டேன். ஒரு நொதி பிறப்பிலேயே குறைந்த பிள்ளைகளுக்கு அது சிவப்பணுவை உடைத்து மஞ்சளைக் கூட்டும். அங்கே யாராவது அந்த மணத்தோடு உடுப்புக் கொடுத்தாலும் போடாதே.

அளவு எவ்வளவு என்று தெரிந்ததும் உடனே எழுது.

அம்மா