உறுதியில் எழுதின விலைக்கு உங்கள் காணியைத் தருவீர்களா?

யாழ்ப்பாணத்துக் குடும்பக் கம்பனிகளின் பணிப்பாளர்களுக்கு,

வணக்கம். கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை, சுன்னாகத்தில் ஆலை, என்னவாக இருந்தாலும் பெயருக்குப் பின்னால் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று போட்டிருக்கிற எல்லோருக்குமான மடல் இது. உங்களைப் போன்றவர்களின் கம்பனிகளுக்குச் செயலாளராகக் கனகாலம் வேலை செய்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒருவர் பங்குச் சான்றிதழ்ப் புத்தகத்தை மேசையில் வைத்தார். எண்பதுகளில் தகப்பன் தொடங்கிய கம்பனி. மொத்தம் 1,000 பங்குகள். 700 இவருக்கு, 300 கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற தங்கச்சிக்கு.

“என்ர பேரில இன்னும் ஆயிரம் பங்கு போடுங்கோ அண்ணை. காசோலை இருக்கு.”

காசோலையில் பத்தாயிரம் ரூபாய்.

“பங்கு பத்து ரூபா எண்டு ஆர் சொன்னது?”

“இஞ்ச அடிச்சிருக்கே!”

உண்மைதான், அடித்திருந்தது. கறையான் ஓரம் தின்ற தாளில் ‘தலா ரூபாய் 10’ மட்டும் கெட்டியாக நின்றது.

அந்தக் கம்பனிக்கு நகரத்துக்குள் கட்டடம் இருக்கிறது. கடன் கழித்து நாலு கோடி என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு பங்கு இன்று 40,000 ரூபாய். பத்தாயிரம் ரூபாய்க்கு இன்னும் ஆயிரம் பங்கு போட்டால் அது பாதியாகிவிடும். தங்கச்சியின் நூற்றுக்கு 30 பதினைந்தாகும். ஒரு கோடி இருபது லட்சம் அறுபது லட்சமாகும். அவவின் சான்றிதழில் ஓர் எழுத்தும் மாறியிராது.

இதே மனிதர் காணி விற்கும்போது பேரனார் காலத்து உறுதியில் எழுதின விலைக்குத் தருவாரா? பரப்பு என்ன விலை போகிறது என்று நாலு பேரிடம் விசாரிக்காமல் வாய் திறக்கமாட்டார். பங்கு என்று வந்தவுடன் மட்டும் பழைய தாள் வேதமாகிவிடுகிறது.

சான்றிதழில் அடித்திருக்கிற அந்த விலைக்குப் பெயரளவுப் பெறுமதி என்று பெயர். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் அதையே ஒழித்துவிட்டது. முன்பிருந்த 1982ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தில் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு விலை குறிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்திலும் பத்து ரூபாய் என்பது அடிவிலை மாதிரித்தான். கூட்டி விற்றால் மேலதிகத்தைத் தனிக் கணக்கில் போட்டார்கள். இப்போது அந்தப் பிரிவினை இல்லை. பங்குகளுக்காகக் கம்பனிக்கு வந்த முழுப் பணமும் ‘கூறப்பட்ட மூலதனம்’ என்ற ஒரே இடத்தில் நிற்கும். பழைய பங்குகளும் தாமாகவே விலைக்குறி இழந்தவைதான்.

இது எங்கள் ஊர்ப் புதுமை அல்ல. நியூசிலாந்து 1993ஆம் ஆண்டுச் சட்டத்தில் செய்தது. அவுஸ்திரேலியா 1998இல், சிங்கப்பூர் 2006இல், எங்களுக்குப் பிறகு ஹொங்கொங் 2014இல். பங்கில் விலை குறிக்கும் முறையை எங்களுக்குத் தந்துவிட்டுப் போன பிரித்தானியாதான் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்தியாவிலும் இருக்கிறது. சென்னை யூடியூப்காரர் ‘முகமதிப்பு’ (பெயரளவுப் பெறுமதிக்கு அங்கத்தைய பெயர்) பற்றிச் சொல்வதைக் கேட்டுவிட்டு என்னோடு வாதாட வருகிறவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

தாளில் விலை இல்லையென்றால் விலையை யார் வைப்பது? நீங்கள்தான். புதிய பங்குக்கு வாங்கும் பெறுமதி கம்பனிக்கும், இருக்கிற பங்குதாரர் எல்லோருக்கும் நியாயமானது என்று பணிப்பாளர் சபை தீர்மானிக்க வேண்டும். அமைப்பு விதிகள் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், புதுப் பங்கை முதலில் பழைய பங்குதாரருக்கு அவரவர் விகிதப்படி கொடுக்க முன்வரவும் வேண்டும். முன்பு பத்து ரூபாய்க்குப் பின்னால் ஒளியலாம். இப்போது ஒளிய இடமில்லை, கூட்டக் குறிப்பில் உங்கள் கையெழுத்துத்தான் இருக்கும்.

பங்கிலாபத்துக்கும் அப்படியே. கடன்களை உரிய நேரத்தில் கட்ட முடியுமா, சொத்து கடனையும் கூறப்பட்ட மூலதனத்தையும் சேர்த்ததைவிடக் கூடவா என்று பார்த்து, கணக்காய்வாளரின் சான்றும் எடுத்துத்தான் பகிரலாம். கொழும்பிலிருந்து மருமகன் வந்திருக்கிறார் என்பதற்காகப் பெட்டியைத் திறக்க முடியாது.

உங்களிடம் கேட்பது பெரிதல்ல. அச்சகத்தில் கிடக்கும் சான்றிதழ் மாதிரியிலிருந்து ‘தலா ரூபாய் 10’ஐ எடுத்துவிடுங்கள். புதுப் பங்கு போடுமுன் கட்டடத்தையும் காணியையும் மதிப்பிட்டு, விலை எப்படி வந்தது என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கிற சகோதரங்களுக்கு அதைக் கூட்டத்துக்கு முன்பே அனுப்புங்கள். முடிந்த பிறகு வட்ஸ்அப்பில் படம் அனுப்புவது அறிவித்தல் ஆகாது.

பத்தாயிரம் ரூபாய்க் காசோலையோடு வந்தவருக்குப் புதுப் பங்குப் படிவத்தை நான் நிரப்பவில்லை. அவர் காசோலையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார். சான்றிதழ்ப் புத்தகம் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளட்டும். பழைய தாள்களைக் கிழிக்கத் தேவையில்லை. யாருக்கு எத்தனை பங்கு என்பதற்கு அவை இன்னும் சாட்சி.

இப்படிக்கு,
உங்களில் சிலருக்குச் செயலாளர்,
யாழ்ப்பாணம்