நீல மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வீட்டு மீன்தொட்டி பற்றி வந்த குறிப்பில், மீன் மேல் வெள்ளையாக எது தெரிந்தாலும் ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றி, ஒரு கை கல் உப்பும் பத்துச் சொட்டு நீல மருந்தும் (மெத்திலின் ப்ளூ) விட்டால் போதும் என்று இருந்தது. வண்ண மீன் விற்கும் கொளத்தூர் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் நின்றபடி சொல்லப்படும் வைத்தியமும் இதுதான். வெண்புள்ளி என்ற ஒரு நோய்க்கு இது பலிக்கும். பார்ப்பதற்கு ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும் காலம்னாரிஸ் என்ற இன்னொரு நோயில், இதே வைத்தியம் மீனை ஓரிரு நாளில் முடித்துவிடும். தண்ணீர் கெட்டதால் வந்த கோளாறாக இருந்தாலோ மூன்றில் எதுவும் உதவாது. எனவே இந்தத் திருத்தம்.

முதலில் எண்ணிப் பாருங்கள். தொட்டியில் ஒரு மீன் மட்டும் சோர்ந்திருக்கிறதா, எல்லாமா? எல்லா மீனும் ஒரே நாளில் மேலே வந்து வாயைப் பிளந்தால் அது பெரும்பாலும் நோயே அல்ல, தண்ணீர். தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் இப்படி ஆனால் குளோரினைச் சந்தேகியுங்கள். மின்சாரம் போய்வந்த பிறகு ஆனால், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது போல மின்சாரம் நாள்கணக்கில் இல்லாவிட்டால், ஃபில்டர் பஞ்சில் வாழ்ந்து அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியா காற்றில்லாமல் செத்து அழுகும். மின்சாரம் வந்ததும் அப்படியே மோட்டாரைப் போட்டால் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள் வந்துவிடும். பஞ்சை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்துவிட்டுப் பிறகு போட வேண்டும். குழாய்த் தண்ணீரில் பிழிந்தால் மிச்சமிருக்கும் பாக்டீரியாவும் குளோரினில் போய்விடும்.

வடசென்னைக்குத் தண்ணீர் விஷயம் தனிக் கதை. புழல் ஏரித் தண்ணீர், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் தண்ணீர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர் எல்லாம் ஒரே கீழ்த்தொட்டியில் கலக்கும் அடுக்குமாடிகள் இங்கே நிறைய. கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரின் உப்பு நாக்கிலேயே தெரியும். போன வாரம் வந்த தண்ணீரும் இந்த வாரம் வந்ததும் ஒன்றல்ல. அதனால் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மை), அம்மோனியா இரண்டுக்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் வாங்கி வைப்பது எந்த மருந்து பாட்டிலையும்விட உபயோகம். அம்மோனியா அளவை மட்டும் பார்த்தால் போதாது. பி.எச். 7 இருக்கும் தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதே தண்ணீர் 8 ஆனால், நம் ஊர் வெயிலில், ஆறு ஏழு பங்காகிவிடும்.

இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பி.எச். மெல்ல இறங்கி 6க்குப் பக்கம் போய்விடும். மீன் அதற்குப் பழகி, அம்மோனியா ஏறியிருந்தும் சும்மா நீந்திக்கொண்டிருக்கும். ஒரு நாள் சுத்தம் செய்கிறேன் என்று பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு பி.எச். 8 உள்ள போர் தண்ணீரை ஊற்றினால், அதுவரை பல்லில்லாமல் கிடந்த அம்மோனியா அத்தனையும் விஷமாகிவிடும். சாயங்காலத்துக்குள் எல்லா மீனும் மிதக்கும். பழி புதுத் தண்ணீர் மேல் விழும். பழைய தொட்டியில் முதலில் இரண்டு தண்ணீரின் பி.எச்.சையும் பாருங்கள். வித்தியாசம் ஒன்றுக்கு மேல் இருந்தால் தினமும் பத்துப் பதினைந்து சதவீதம் மாற்றினால் போதும். வித்தியாசம் இல்லையென்றால் தைரியமாக 30 முதல் 50 சதவீதம் மாற்றலாம். இரண்டு நாளுக்குத் தீனியை நிறுத்திவிடுங்கள்.

குளோரினுக்கு, வாளியில் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் விட்டாலே போதும். அவசரமென்றால் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட். 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு 10 லிட்டருக்கு 1 மில்லி விடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரினுக்கு இது தாராளம். காலையில் குழாயைத் திறந்ததும் மூக்கில் அடித்தால் இரட்டிப்பாக்கலாம்.

தண்ணீர் சரியாக இருந்து, ஒன்றிரண்டு மீனில் தொடங்கிப் பரவுகிறது என்றால் இனி நோய். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள்.

வெண்புள்ளி என்பது தனித்தனிப் புள்ளி. ரவையைத் தூவியது போல, எண்ணக்கூடிய மாதிரி, துடுப்பிலும் உடம்பிலும் இருக்கும். மீன் கல்லில் போய் உரசும். கார்த்திகை, மார்கழியில் இரவுக் குளிர் இறங்கும்போது அதிகம் வரும். இது தோலுக்கடியில் புதைந்திருக்கும் ஓர் ஒட்டுண்ணி. புள்ளியாக இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்று பெருத்து, உதிர்ந்து, அடியில் கூடு கட்டி, ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரிந்து, மறுபடி மீனைத் தேடி நீந்தும் அந்த ஓரிரு நாள்தான் மருந்துக்கு வாய்ப்பு. வெப்பம் ஏற்றுவது ஒட்டுண்ணியைச் சுடுவதற்கல்ல, இந்தச் சுற்றைச் சீக்கிரம் முடிக்கத்தான். எனவே மூன்றாம் நாள் புள்ளி மறைந்ததும் நிறுத்திவிட்டால் அடுத்த வாரம் இரண்டு மடங்காக வரும். குறைந்தது 10 முதல் 14 நாள் தொடர வேண்டும்.

வெப்பத்தை ஒரு நாளில் இரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். 30 வந்ததும் நிறுத்துங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. கூடுதலாக ஓர் ஏர் ஸ்டோன் ஓடட்டும். தண்ணீர் இறைக்கும் முன் ஹீட்டரை அணைத்துக் கால் மணி நேரம் ஆறவிடாவிட்டால் கண்ணாடிக் குழல் வெடிக்கும்.

மற்ற வெள்ளை வேறு. வாயைச் சுற்றி பஞ்சு ஒட்டியது போல, அல்லது முதுகில் சேணம் போட்டது போல சாம்பல் படர்ந்து, ஓரம் பழுப்பாகவோ சிவப்பாகவோ இருந்து, துடுப்பு கிழிந்துகொண்டே வந்தால் அது புள்ளியும் அல்ல, பெரும்பாலும் பூஞ்சையும் அல்ல. காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. உண்மையான பூஞ்சை காயத்தின் மேல் மெதுவாக வளரும். இது வெயில் காலத்தில் ஒரே நாளில் நான்கு மீனுக்குத் தாவும். வெப்பம் கூடக் கூட இதற்குக் கொண்டாட்டம். இந்த மீனுக்கு ஹீட்டரை ஏற்றுவது எரிகிற அடுப்பில் விறகு வைப்பது. ஹீட்டரைப் பிடுங்குங்கள். மூடிய பாட்டிலில் ஐஸை மிதக்கவிட்டு 25, 26 டிகிரிக்கு மெல்ல இறக்குங்கள். தினமும் தண்ணீர் மாற்றுங்கள், காற்றைக் கூட்டுங்கள். இதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். அதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். வீட்டில் மீந்த கேப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் தட்டும் பழக்கம் மீனையும் காப்பாற்றாது, ஃபில்டரையும் கெடுக்கும்.

புள்ளியாக இல்லாமல் பொன் தூசு தூவினது போல டார்ச் வெளிச்சத்தில் மினுக்கினால் அது வெல்வெட் நோய். ஃபைட்டர் மீனில் அடிக்கடி பார்க்கலாம். கோல்டு ஃபிஷ் உடம்பில் நூல் தொங்கினால் நங்கூரப் புழு. கோல்டு ஃபிஷ் தலைகீழாய் மிதந்தால் முதலில் இரண்டு நாள் பட்டினி, பிறகு தோலுரித்த வெந்த பச்சைப் பட்டாணி. செதில் எல்லாம் சிலிர்த்து மீன் உப்பிவிட்டால் உள்ளுறுப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தம், பிழைப்பது அரிது.

இனி அளவு. ‘ஒரு கை’, ‘பத்துச் சொட்டு’ என்பதெல்லாம் அளவே இல்லை. நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61ஆல் வகுத்தால் லிட்டர். ஓரடி அகலமுள்ள இரண்டடித் தொட்டியில் 10 அங்குலத் தண்ணீர் என்றால் 24 × 12 × 10 = 2,880; வகுத்தால் 47. கல்லுக்கும் மண்ணுக்கும் 5 கழித்தால் 42 லிட்டர். கடையில் ‘ரெண்டடித் தொட்டி’ என்று மட்டும் சொன்னால், 12 அங்குலமும் நிரம்பியதாக வைத்து 57 லிட்டருக்கு மருந்து வரும்.

வெண்புள்ளிக்கு உப்பு லிட்டருக்கு 3 கிராம், அந்தத் தொட்டிக்கு 126 கிராம். அயோடின் கலக்காத கல் உப்பைச் சமையல் தராசில் நிறுத்து, மூன்று பங்காக்கி, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் மக்கில் கரைத்து ஊற்றுங்கள். கல்லாகப் போட்டால் மீன் அதைக் கவ்விப் புண்ணாகும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வற்றினதற்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் போதும். 10 லிட்டர் இறைத்து மாற்றினால் மட்டும் 30 கிராம். ஒவ்வொரு முறையும் உப்புப் போட்டு, கடைசியில் தொட்டியை எண்ணூர் முகத்துவாரம் ஆக்கிவிடுகிறார்கள். கோரிடோரஸ், லோச் போன்ற அடியில் மேயும் மீனுக்கும் செடிகளுக்கும் இந்த அளவு தாங்காது.

நீல மருந்தான மெத்திலின் ப்ளூவைப் பெரிய தொட்டியில் விடவே கூடாது. ஃபில்டர் பாக்டீரியாவைக் கொன்று, நாலு நாளில் அம்மோனியாவைக் கிளப்பும். கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிக்கோனும் நிரந்தரமாக நீலமாகும். 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் ஏர் ஸ்டோனோடு நோயாளி மீனை மட்டும் விட்டு, லிட்டருக்கு 2 மில்லிகிராம். 1 சதவீதக் கரைசல் என்றால் அந்த டப்புக்கு 4 மில்லி. ஆனால் விற்கும் சிறு பாட்டில்கள் பலவற்றில் எத்தனை சதவீதம் என்றே அச்சிடுவதில்லை. கொளத்தூர் வியாபாரிகள் மனது வைத்தால் ஒரு லேபிளில் முடிகிற காரியம் இது. ஃபில்டரில் கார்பன் இருந்தால் மருந்தை அதுவே உறிஞ்சிவிடும்; முதலில் அதை எடுத்துவிடுங்கள். அதே டப்பில்தான் கடையிலிருந்து வரும் புது மீனையும் மூன்று வாரம் தனியாக வைக்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. தொட்டிக்கு வரும் வெண்புள்ளியில் பெரும்பகுதி புது மீனோடு பையில்தான் வருகிறது.

என்ன நோய் என்றே பிடிபடாவிட்டால் மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, விசாரித்துக்கொண்டு போங்கள். உயிரோடு இருக்கும் நோயாளி மீனையும், தனிப் பையில் தொட்டித் தண்ணீரையும் எடுத்துப் போக வேண்டும். செத்து சில மணி நேரமான மீனில் ஒட்டுண்ணி இறங்கிப் போயிருக்கும், பார்க்க ஒன்றும் மிஞ்சாது. மீன் மெலிந்து முதுகு வளைந்து புண்ணும் இருந்தால் கையில் காயத்தோடு தொட்டிக்குள் கைவிடாதீர்கள், ட்யூபை வாயால் உறிஞ்சாதீர்கள். அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய காசநோய் இனக் கிருமி மனிதத் தோலிலும் புண் உண்டாக்கும்.

பிழைக்காது என்று தெரிந்த மீனை ரெட்டேரியில் கொண்டுபோய் விடுகிறவர்கள் உண்டு. நோயும் அங்கே பரவும், ஏரியும் கெடும். சக்கர் மீன் நம் ஏரிகளில் பெருகியதே இப்படித்தான். நாட்டு மருந்துக் கடைக் கிராம்பு எண்ணெயை, லிட்டருக்கு 0.4 மில்லி கணக்கில், மூடிய பாட்டிலில் கொஞ்சம் தண்ணீரோடு குலுக்கிக் கிண்ணத்தில் கலந்து, மீனை விட்டு, செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே வைத்தால் வலியில்லாமல் முடியும்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிடும்போது, வெண்புள்ளி, காலம்னாரிஸ் இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில், வண்ணத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறோம். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

வண்ண மீன் வளர்ப்போர் சிலர்,
கொளத்தூர், சென்னை – 99.