சந்தி தெரிந்த பிள்ளைக்கு ஸ்பெல்லிங்

மேலூர்

அன்புள்ள மாப்ளைக்கு,

உசிலம்பட்டியில் மழை உண்டா? உன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இங்கிலீஷில் 'ஹோப்பிங்' (நம்புவது), 'ஹாப்பிங்' (நொண்டியடிப்பது) இரண்டையும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள் என்று புலம்பியிருந்தாய். முதலில் அந்த இம்போசிஷனை நிறுத்து. தமிழ் ஐயாவிடம் சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரிக்கும் பகுபத உறுப்பிலக்கணம் படிக்கிற பிள்ளைகள்தானே அவர்கள்?

பலகையில் பகுதியையும் விகுதியையும் பிரித்து எழுது. எச்-ஓ-பி-ஈ, கூட்டல் குறி, ஐ-என்-ஜி. விகுதி உயிரில் தொடங்குவதால் கடைசி ஈ போய்விடும். 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்' என்று நன்னூல் சொல்கிறதே, காசு + இல்லை காசில்லை ஆவது போல. 'ஃபுல்' மெய்யில் தொடங்குகிறது. அதனால் 'ஹோப்ஃபுல்'லில் ஈ நிற்கும். 'ஹாப்', அதாவது எச்-ஓ-பி, அப்படியில்லை. குறில், பிறகு ஒற்றை மெய். 'தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்': கண்ணில்லை என்பதில் ண் இரட்டுவது போல இதில் பி இரட்டும். நன்னூல் எழுதிய பவணந்தியார் இங்கிலீஷுக்கும் சேர்த்தே எழுதினாரோ என்னவோ!

சறுக்கும் இடமும் உண்டு. 'பிகினிங்'கில் என் இரண்டு, 'விசிட்டிங்'கில் டி ஒன்றே. ஈரசைச் சொல்லில் பொதுவாக அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால்தான் இரட்டும். 'நோட்டீசபிள்'ளில் ஈ போகாது; போனால் சி, ககரமாக ஒலித்துவிடும்.

இறந்தகாலத்தில் மட்டும் நம் வழக்கம் தலைகீழ். செய்தான், உண்டான், கற்றான், ஓடினான் என்று நமக்குக் காலம் காட்டும் இடைநிலை எழுத்திலேயே மாறுகிறது. அங்கே ஈ-டி என்று ஒரே எழுத்து. ஒலிதான் மூன்று: ஜம்ப்ட், ப்ளேய்ட், வாண்டட். காதை நம்புகிற பிள்ளை 'ஜம்ப்ட்'டில் ஈயை விழுங்கிவிடும். 'இது காலம் காட்டும் உறுப்பு, ஒலி எப்படியானாலும் உருவம் மாறாது' என்று சொல்லிக்கொடு.

'சைன்' எழுதும்போது ஜி எதற்கு என்று கேட்பார்கள். மதுரை கோரிப்பாளையம் சிக்னலைக் காட்டு. 'சிக்னல்' என்ற சொல்லில் அந்த ஜி வாய்விட்டுப் பேசுகிறது. இரண்டைக் குறிக்கும் 'டூ'வில் டபிள்யூ இருப்பதும் 'ட்வின்', 'ட்வெல்வ்', 'ட்வென்ட்டி'க்குச் சொந்தம் என்பதால்தான்.

ருசி கண்ட பிள்ளைகள் 'கார்பெட்'டையும் காராகவும் பெட்டாகவும் வெட்டுவார்கள். கம்பளத்துக்கும் காருக்கும் பொருளில் உறவில்லை, அது பகாப்பதம், பிரிக்க முடியாத சொல். பொருள் ஒட்டாவிட்டால் கத்தியைக் கீழே வைக்கச் சொல்.

சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது டிக்டேஷன் நோட்டு நாலைந்து கொண்டுவா. எந்தப் பிழை எந்த வகை என்று பிரித்துப் பார்ப்போம்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்